வெந்நீர்த் தொட்டி

எங்கள் மலையில் கரண்டைப் பங்கு போடுகிற பெட்டியை வாங்கியதற்கு விஞ்ஞானம்தான் காரணம் என்று மேலத்தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உண்மையான காரணம் குளிக்கிற தண்ணீர். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

ஒவ்வொரு புயலுக்கும் நிலச்சரிவுக்கும் கம்பம் நட்டு மாளவில்லை என்று அரசாங்கம் மலைகளை விட்டுக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்ட காலம் அது. இனி மலை ஊர்கள் தங்கள் கரண்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் சேம்படியூத்துக்கு வெயிலில் வைக்கச் சோலார் தகடுகளும், ஓடைத் தண்ணீரில் சுற்ற ஒரு சின்ன டர்பைனும், ஒரு அறை நிறைய பேட்டரியும் கொடுத்தார்கள். இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பேட்டரிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்கிற கன்ட்ரோலரை மட்டும் ஊரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜனநாயகம்.

என் பெயர் யாழினி. ஓடையிலிருந்து குழாய்க்குள் தண்ணீர் புகுகிற இடத்தில் ஒரு இரும்புச் சல்லடை இருக்கிறது. அதில் வந்து அடைகிற இலை, சுள்ளி, செத்த தவளை எல்லாவற்றையும் பல் வைத்த வாரியால் இழுத்துப் போடுவது என் வேலை. சல்லடைக்குப் பக்கத்திலேயே, இறக்கினால் குழாய்க்குப் போகிற தண்ணீரை நிறுத்திவிடுகிற மதகு இருக்கிறது. மதகுக்குப் பூட்டு உண்டு, சாவி கமிட்டித் தலைவர் யஷ்வந்திடம். "இலைய மட்டும் அள்ளு, மதகத் தொடாத" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

ஊர் என்றால் இரண்டு துண்டு. மேலே மேலத்தெரு. ஓடைக்குக் கீழே, பழைய ஏலக்காய் எஸ்டேட் காலத்து லயன் வீடுகள், நாங்கள் இருப்பது அங்கேதான். கீழே இருப்பவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் எந்த ஊரிலும் 'கீழே' என்று சொன்னால் போதும்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கம்பெனியிலிருந்து பிரணவ் என்று ஒரு பையன் வந்திருந்தான். சட்டை மடிப்பு கலையாமல் நின்று, நல்ல தெளிவாகத்தான் சொன்னான்.

"ரெண்டு சாய்ஸ் இருக்கு சார். முதல் சாய்ஸ், சோலாருக்கு ஒரு கன்ட்ரோலர், தண்ணிக்கு ஒரு கன்ட்ரோலர். ரெண்டும் மண்டு, சொன்னத மட்டும் செய்யும். பேட்டரி ரொம்பிட்டா சோலார்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல, கனெக்‌ஷன கட் பண்ணிட்டா தகடு பாட்டுக்கு வெயில்ல கெடக்கும். தண்ணி அப்படி இல்ல. ஓடற டர்பைன சட்டுன்னு கழட்டி விட்டா, இழுக்கறதுக்கு சுமை இல்லாம தறிகெட்டுச் சுத்தி உடைஞ்சிடும். அதனால மிஞ்சற கரண்ட எங்கயாவது கொட்டியே ஆகணும். ஒரு பெரிய தொட்டி கட்டி அதுக்குள்ள ஹீட்டர் காயில் போட்டுடுவாங்க. மிச்சமெல்லாம் வெந்நீரா போயிடும்."

"வெந்நியா?" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள். மார்கழியில் சேம்படியூத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குரலின் அர்த்தம் தெரியும்.

"தொட்டி எங்கப்பா வரும்?" என்று மேலத்தெருவிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஊருக்கு நடுவுல சார். எல்லாரும் வந்து மொண்டுக்கற மாதிரி."

கொஞ்ச நேரம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "கொசு வருமே" என்றார்.

என் தம்பி இனியன் கடைசி வரிசையில் இருந்தான், அப்போது அவனுக்கு இன்னும் எழுந்து நடமாட மூச்சு இருந்தது. "கொதிக்கிற தண்ணியில எந்தக் கொசுண்ணே முட்ட போடும்?" என்றான். எங்கள் பக்கம் மட்டும் சிரிப்பு எழுந்தது.

"பிள்ளைக விழுந்துரும்" என்றார் இன்னொருவர். மூடி போடலாம் என்றான் பிரணவ். மூடி களவு போய்விடும் என்றார் மூன்றாமவர். ஒரே தொட்டியில் லயன்காரர்கள் சொம்பு விடுவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே நூறு விதமாகச் சொல்ல எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பிரணவ் கெட்டிக்காரன், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டான். "அப்ப செகண்ட் சாய்ஸ் பாருங்க சார். சோலார், தண்ணி ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. இது கத்துக்கும். தொட்டியே வேணாம். மிஞ்சற கரண்ட அப்படியே கீழ் லயனுக்குத் தள்ளி விட்டுடும். அவங்க வீட்டு லைட்டு, ஃபேன்தான் தொட்டிக்குப் பதில். வேஸ்ட்டே கிடையாது."

"மிஞ்சலைன்னா எங்களுக்கு?" என்று இனியன் கேட்டான்.

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு வெள்ளைப் பொத்தான் வைப்போம். கரண்ட் பத்தலைன்னா அமுக்குங்க. யாருக்கு எப்ப எவ்வளவு அவசியம்னு பெட்டி பார்த்துப் பார்த்துக் கத்துக்கும். அவசியம் உள்ள வீட்டுக்கு பேட்டரியில இருந்தே குடுக்கும். மனுஷன் தலையீடே இல்ல."

யஷ்வந்த் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகம் நிறைய திருப்தி. "ஆத்தோட போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி. அவங்களும் நம்ம ஜனம்தான? வெளிச்சமா இருக்கட்டும்" என்றார். கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். வெந்நீர் போனாலும் வெளிச்சம் வருகிறதே என்று தட்டினோம்.

முதல் மழைக்காலம் ராஜபோகம்தான். ஓடை நிறைந்து ஓடியது, பேட்டரி காலையிலேயே நிரம்பியது, மிச்சமெல்லாம் லயனுக்குக் கொட்டியது. பகலிலும் லைட்டு எரிந்தது. இனியன் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் நிற்காமல் ஓடியது.

அவன் மலையடிவாரத்துக் கல்லுடைக்கிற கிரஷரில் பாதி ஆயுசு வேலை பார்த்தவன். தூசி நெஞ்சுக்குள் போய்ச் சிமெண்டாக இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குத் தரும். சிலிண்டர் ஏற்றி வருகிற ரோடு நிலச்சரிவில் போய்விட்டதால் அது ஒன்றுதான் அவனுக்குக் கதி. கரண்ட் இருந்தால் அவனுக்கு மூச்சு இருந்தது. அவன் பிறந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இனியன், நிலவன் என்று அழகு அழகாகப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் அதோடு கடமை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மேலத்தெரு நன்றாக அழுதது. கிரைண்டர் மெதுவாகச் சுற்றினால் பொத்தான். கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் பொத்தான். சீரியல் நடுவில் நின்றால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் மாறி மாறிப் பொத்தான். லயனில் ஒருவரும் அமுக்கவில்லை. கரண்ட் போனால் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டோம். கேட்டால் கிடைக்கும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கேட்டால் இருப்பதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிரஷரில் மூக்குக்குத் துணி கேட்டவனை மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். எஸ்டேட்டில் கூரைக்குத் தகரம் கேட்ட குடும்பத்தை வீட்டையே காலி பண்ணச் சொன்னார்கள். அதனால் பொத்தானைத் தொடாதே என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பெட்டி இதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

தை பிறந்ததும் ஓடை இளைத்தது. மாசியில் லயனுக்குப் பகல் கரண்ட் நின்றது. பங்குனியில் வருவதும் போவதுமாக ஆனது. மெஷினுக்குள் இருந்த சின்ன பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். இனியன் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சை இழுப்பான். அவன் மனைவி கயல் விசிறியை வைத்து வீசிக்கொண்டே இருப்பாள். காற்றுக்கு அங்கே என்ன குறை, அதை வாங்கத்தான் நெஞ்சு இல்லை.

ஒரு நாள் கயல் பொத்தானை அமுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரியும் அமுக்கினாள். அவளைப் பார்த்து லயனே அமுக்கியது. சின்னப் பிள்ளைகளையும் தூக்கி அமுக்க வைத்தோம். கரண்ட் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பொத்தான் ரிப்பேர் பார்க்க ஒரு பெண் வந்தாள்.

அவள் பெயர் ரெஹானா, கம்பெனி இன்ஜினியர். முதுகில் பை, காலில் சேறு, அட்டைப்பூச்சி கடித்த ரத்தம். எங்கள் வீட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, டர்பைன் ஓடுகிற மோட்டார் ரூமில் பெட்டியின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"உள்ள வாங்கக்கா, ஏன் வெளிய நிக்கறீங்க?"

"பழக்கம்மா. என்னாச்சு பொத்தானுக்கு?"

"பொத்தான் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது நாள் வரைக்கும் நீங்க யாரும் அமுக்கவே இல்ல. திடீர்னு எல்லாரும் சேர்ந்து அமுக்கவும், ஒயர்ல ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணிடுச்சு. நீங்க கேக்கறீங்கன்னு அதுக்குத் தோணல."

"தோணலையா?"

"கரண்ட் இல்லாமயே இருந்துக்கற ஜனம்னு உங்கள அது கத்து வச்சிருக்குக்கா. கரண்ட் போனா மேல உடனே அமுக்கறாங்க. நீங்க எத்தனை தடவ போனாலும் சும்மா இருந்திருக்கீங்க. அப்ப எங்க நிறுத்தினா யாருக்கும் கஷ்டம் இல்லைன்னு அது கணக்குப் போடும்?"

"மனுசனே பரவாயில்லையேம்மா. அவன் தெரிஞ்சுதான் பண்றான். இதுக்கு எங்க வாயடச்சு வச்ச கதையெல்லாம் தெரியாதுல்ல? தம்பிக்கு மூச்சுக்கே கரண்ட் வேணும், இதை மாத்திவிடுங்க."

"மாத்தலாம்க்கா. அவர் வீட்ட முதல் இடத்துல வைக்கறது ஒரு நிமிஷ வேலை. ஆனா கமிட்டித் தலைவரோட விரல் ரேகை இல்லாம பெட்டி திறக்காது." அவள் பையை மூடினாள். போகிற போக்கில், யாரிடமோ கோபப்படுவது போல, "தொட்டியும் வைக்கல. வீட்ல ஸ்விட்ச் அணைக்கறது ஜனங்க இஷ்டம். அத நம்பியா ஒரு டர்பைன வைப்பாங்க? நீங்க எல்லாரும் ஒரு மழ நாள்ல மெயின அணைச்சீங்கன்னா என்ன ஆகும்?" என்றாள்.

"தொட்டி வச்சா நாங்களும் மொண்டுருவோமே, அதான் வைக்கல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி வீட்டுக்குப் போனோம், நானும் ரெஹானாவும். யஷ்வந்த் பதறாமல் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் எப்போதும் மரியாதையானவர்.

"இந்தா பாரு யாழினி, எனக்கு மட்டும் இனியன் மேல அக்கற இல்லையா? ஆனா ஒண்ணு யோசி. இன்னைக்கு ஒருத்தருக்காக நான் ரேக வச்சா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. பாரபட்சம்னு பேராயிரும். மனுசன் கை வைக்கக் கூடாதுன்னுதான இந்தப் பெட்டிய வாங்குனோம்? மெஷினுக்கு ஜாதி தெரியாதும்மா. அது என்ன செய்யுதோ அதுதான் நியாயம்."

"சார், அது கத்துக்கிட்டதே உங்க ஊர்கிட்ட இருந்துதான்" என்றாள் ரெஹானா.

"நீ இந்த ஊருக்குப் புதுசும்மா" என்று அவர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேணும்னா ஒண்ணு பண்ணு. எங்க மாட்டுக் கொட்டகையில பால் கறக்குற மெஷினுக்குன்னு ஒரு பிளக் இருக்கு. அங்க கரண்டு நிக்காது. இனியனக் கொண்டாந்து அங்க படுக்க வையி" என்றார். இதைப் பெரிய மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போகலாம் என்றாள் கயல். எந்த இடமானால் என்ன, மூச்சு வந்தால் போதும் என்று அழுதாள். இனியன் இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "மாட்டுக்கு... மிஞ்சுன காத்த... நான் வாங்கணுமாக்கா? நான் இங்கயே... கெடக்கேன்." அவன் ரோஷத்தைத் திட்டினேன். அவன் நெஞ்சு அவனுக்கு மிச்சம் வைத்திருந்தது அது ஒன்றைத்தான் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

சித்திரையில் யஷ்வந்த் பேத்திக்குக் காதுகுத்து. இரவல் வாங்கிய மைக் செட்டு, ஐஸ்கிரீம் பெட்டி, பந்தல் முழுக்க ஃபேன். பெட்டி நன்றாகக் கற்றிருந்தது. விசேஷ வீட்டில் கரண்ட் குறைந்தால் எத்தனை பொத்தான் அமுங்கும் என்று அதற்குத் தெரியும். அதனால் முதல் நாளிலிருந்தே லயனுக்கு ஒரு சொட்டும் விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டது.

அன்று மதியம் இனியனின் உதடு நீலம் பாரித்தது. நான் மேலே ஓடினேன். பந்தலில் என்னைக் கண்டதும் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். எங்களுக்கு இலை போடுவது அங்கேதான். நான் நேராக யஷ்வந்திடம் போய், "அய்யா, தம்பி போயிருவான் போலருக்கு, வந்து ஒரு ரேக வைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருக்கு முகம் மாறியது. கல் மனசு என்று சொல்ல மாட்டேன். மோட்டார் ரூம் பக்கம் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டதைப் பார்த்தார். "காது குத்தி முடியட்டும்மா, உடனே வரேன். இப்ப மைக் செட்டு நின்னா சகுனம் நல்லாருக்காது" என்றார்.

நான் திரும்பி இறங்கும்போதே கயலின் குரல் கேட்டது. மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மேலே யாருக்கும் கேட்டிருக்காது.

சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ஓடை பெருகி, பேட்டரி நிரம்பி, மிச்சம் லயனுக்கு வந்தது. இனியனைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் இருந்த மெஷின் தானாக ஒரு குலுங்கு குலுங்கி ஓட ஆரம்பித்தது. கழற்றிப் போட்டிருந்த குழாயின் முனை தரையில் கிடந்து உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டது. கயல் எழுந்து போய் வீட்டு மெயினை இறக்கினாள். ஒரு நல்லெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

துக்க வீடு இருட்டாக இருக்கும்போது பக்கத்து வீட்டில் லைட் போடுகிற வழக்கம் எங்கள் லயனில் கிடையாது. ஒவ்வொரு வீடாக மெயின் இறங்கியது. கருமாதி முடிந்த பிறகும் யாரும் ஏற்றவில்லை. கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை, இந்தக் கரண்ட் இனி வேண்டாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சிம்னி விளக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். மேலத்தெரு இதைக் கவனிக்கவே இல்லை. அந்த ஒரு மழையும் உடனே விட்டது, பிறகு கோடை என்பதால் மிச்சம் என்று ஒன்று இல்லாமல், பெட்டிக்கும் அது தெரியாமல் போனது.

ஆனியில் மழை பிடித்தது. ஒரு பிற்பகல் நான் சுள்ளி வெட்டுகிற அரிவாளும் வாரியுமாகச் சல்லடையில் இலை வாரிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அள்ள அள்ள வந்தது. கீழே மோட்டார் ரூமிலிருந்து வருகிற சத்தம் முதலில் கொஞ்சம் ஏறினாற்போல் இருந்தது. பிறகு ஊளையாக மாறியது. ரெஹானா சொன்னது ஞாபகம் வந்தது. பேட்டரி நிரம்பிவிட்டது, பெட்டி சோலாரை வெட்டிவிட்டது, மிச்சத்தைக் கொட்ட லயன் இல்லை. சக்கரம் வெறிகொண்டு சுற்றுகிறது. பெட்டி பாவம், எங்கே தள்ளுவது என்று தெரியாமல் மேலத்தெருவுக்கே தள்ளியிருக்கிறது. ஆளில்லாத குளியலறையில் கீசர்கள் கொதித்தனவாம், கிரைண்டர்கள் தாமே ஓடினவாம். அதுவும் போதாமல் டிவி, ஃபிரிட்ஜ், பல்பு என்று வரிசையாகப் புகைந்தன. கூச்சல் எனக்கே கேட்டது.

நான் வாரியை எடுத்துச் சல்லடையை இன்னும் சுத்தமாக வாரினேன். என் வேலை அதுதான்.

யஷ்வந்த் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். "மதக எறக்கு! மதக எறக்கு யாழினி!"

"சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

பூட்டில் சாவி நுழையவே நேரமானது. ஒரு வழியாக மதகை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, "பூட்ட ஒடச்சாவது எறக்கியிருக்கலாம்ல? கையில அருவா வச்சிருக்க!" என்று கத்தினார்.

நியாயமான கேள்விதான். துருப்பிடித்த பூட்டு, ஒரு போடு போதும். "தொடாதன்னு சொன்னீக, தொடல" என்றேன். எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். முட்டியில் கை ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சை இழுத்தார். அவருக்கு அது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

ரெஹானா மறுபடியும் வந்தாள். டர்பைன் தப்பித்துவிட்டது, பெட்டிக்கும் சேதமில்லை. அதன் திரையைப் பார்த்தவள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். இந்த முறை நான் உள்ளே போனேன்.

"ஒரே நாள்ல கத்துக்கிச்சுக்கா. கீழ் லயன் அணைஞ்சா டர்பைனுக்கு ஆபத்துன்னு. இப்ப முதல் இடம் உங்களுக்குத்தான். கோடையில மேல நிறுத்தினாலும் உங்களுக்கு நிறுத்தாது."

"என் தம்பி கெடந்து துடிச்சானே, அப்பக் கத்துக்கலையே?"

"டர்பைன் வேகத்த அளக்க அதுக்கு சென்சார் வச்சிருக்கோம்க்கா. அவர் மூச்ச அளக்க வைக்கல" என்றாள்.

எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று யஷ்வந்த் தானே வந்து பெட்டியில் விரலை வைத்தார். அவ்வளவு லேசான வேலை அது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. என் தம்பிக்காக அவர் அந்த விரலைத் தூக்கவில்லை. பெட்டியை மாற்றிப் பிரயோஜனமில்லை, தொட்டி கட்டி ஹீட்டர் போடுவதுதான் சரியான வழி என்று ரெஹானா எழுதியே கொடுத்துவிட்டுப் போனாள். கமிட்டி கூடியது. பேசினார்கள். எரிந்துபோன ஃபிரிட்ஜ்களைப் பற்றிப் பேசினார்கள், இடத்தைப் பற்றிப் பேசினார்கள். என்ன முடிவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு காலை நேரம் யஷ்வந்த் லயனுக்கு இறங்கி வந்தார். எனக்குத் தெரிந்து அவர் கால் இந்த மண்ணில் பட்டது அன்றைக்குத்தான். இழவுக்குக்கூட ஆள் விட்டு மாலைதான் அனுப்பினார். கயல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நல்லாருக்கீங்களாம்மா?" என்றார். இத்தனை வருஷத்தில் எங்களுக்கு முதல் 'நீங்க'.

நான்தான், "என்ன விசயமா வந்தீக?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, எல்லாரும் பழையபடி லைட்டு, ஃபேன் போட்டுக்கணும். கரண்டு இனிமே நிக்காது. அப்புறம்..." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில் காலியாக இருந்தது. தலைமாட்டில் மெஷின், அதன் மேல் மடித்து வைத்த துண்டு. "அந்த மெஷின் இருக்குல்ல? லயன்லயே நிக்காம ஒரே அளவுல கரண்டு இழுக்குறது அது ஒண்ணுதான். லைட்டு, ஃபேனோட அதுவும் ஓடுனா மழைக்கு டர்பைன் தாங்கிரும்னு கம்பெனிக்குப் போனப் போட்டுக் கேட்டோம். அத மட்டும் அணைக்காம ஓட விடணும். ராவும் பகலும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது. "ஆளு போயிட்டான்யா. யாருக்கு ஓட்டச் சொல்றீக?"

"சும்மா ஓடட்டும்மா. தொட்டி கட்டுற வரைக்கும்தான்."

"எப்பக் கட்டுவீக?"

"எடம் பாக்கணும்ல. ஊருக்கு நடுவுலன்னா... பிள்ளைக வெளாடுற எடம்... கொசு வேற..." அவரே நிறுத்திக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செத்துப்போன இனியனுக்கு ராவும் பகலும் மூச்சுக் கொடுக்க மேலத்தெரு சம்மதித்துவிட்டது. ஒரே தொட்டியில் வெந்நீர் மொள்ளத்தான் இன்னும் சம்மதம் வரவில்லை. நான் வாரியை எடுத்து வந்து அவரை அடித்திருப்பேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுறேன், போயிட்டு வாங்க" என்று அவரிடம் சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டு வேகமாக மேடேறிப் போனார்.

"ஏன்டி?" என்று நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "என் தம்பி துடிக்கத் துடிக்கக் குடுக்காதவன், இன்னைக்கு வந்து கேட்டதும் தூக்கிக் குடுப்பியா?"

அவள் போய் மெயினை ஏற்றினாள். மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி ஓட ஆரம்பித்தது. கீழே கிடந்த குழாயை எடுத்து, தூசி தட்டி, ஆணியில் சுருட்டி மாட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"ஓடட்டும் மதினி. சுச்சு என் கையிலதான இருக்கு? அது அவுகளுக்கும் தெரியும்ல."

இப்போது ஆடி மாதம். வெளுத்து வாங்குகிறது. அந்த வீட்டில் மெஷின் ஓடுகிறது, கயல் என்னோடு வந்து படுத்துக்கொள்கிறாள். மழை வலுத்தால் மேலத்தெருவில் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கழுத்தை நீட்டிக் கீழே பார்க்கிறார்கள். எங்கள் வீடுகளில் விளக்கு எரிகிறதா என்று அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.